போதகரைக் கேள்வி கேட்கலாமா? சபை விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய், பாய் விரித்து, மைக் செட் தூக்கி, உபவாச ஜெபத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள்தான் இந்தக் கேள்விகளை அதிகம் கேட்கிறார்கள். சபைமேல் அக்கறை இல்லாதவர்களுக்கு இவை எழுவதே இல்லை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேய்ப்பர் என்ற பொறுப்பு வேதத்தில் இருக்கிறது. ஆனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற மேய்ப்பரை அதில் நான் பார்க்கவில்லை. வேத வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன், நம் சபைகளில் கையில் இருப்பது அதுதான்.

போதகரைக் கேள்வி கேட்பது பாவமா?

இல்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார் (அப்போஸ்தலர் 17:11). அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு ஒதுங்கியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரிடம் முகமுகமாய்க் கேட்டார் (கலாத்தியர் 2). பேதுருவைக் கேட்கலாம் என்றால், நம் தெரு முனைச் சபை பாஸ்டரைக் கேட்கக் கூடாதா?

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணாகமம் 27. செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதால் எங்களுக்குப் பங்கு இல்லையா என்று கேட்டார்கள். இது என்ன துணிச்சல் என்று மோசே சீறவில்லை. கர்த்தரிடம் கொண்டு போனார். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே சொல்ல, சட்டம் மாறியது. பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசினாலே முகம் சுளிக்கிற சபைகளில் இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கக் கேட்பது அபூர்வம்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வசனம் இருக்கிறதே?

இருக்கிறது, சங்கீதம் 105:15. கணக்குக் கேட்ட ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்து வருகிற வசனமும் பெரும்பாலும் இதுதான். இதற்கு முன்னால் உள்ள மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சம் பேராய், பரதேசிகளாய், ஊர் ஊராய் அலைந்தபோது, அவர்களுக்குக் கெடுதல் செய்யாதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று சங்கீதக்காரன் பாடுகிறான். பலம் இல்லாதவர்களைப் பலசாலிகளிடமிருந்து காக்கச் சொன்ன வார்த்தை அது. மேடையில் மைக் பிடித்திருப்பவர், கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் விதவையைப் பார்த்து அதைச் சொன்னால் வசனம் தலைகீழாகிவிடுகிறது.

அந்த ராஜாக்களில் ஒருவன் அபிமெலேக்கு. ஆதியாகமம் 20-ல் நடந்ததைப் பாருங்கள். ஆபிரகாம் தன் மனைவி சாராளைச் சகோதரி என்று சொல்லி வைத்தார். அவளைத் தொடவிடாமல் கர்த்தர் அபிமெலேக்கைத் தடுத்தார். மறுநாள் காலையில் அவன் ஆபிரகாமை அழைத்து, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய், செய்யத்தகாத காரியத்தைச் செய்தாயே என்று நேருக்கு நேர் கேட்டான். ஆபிரகாமும் பயந்துபோய் அப்படிச் சொன்னதாக விளக்கம் கொடுத்தார். கர்த்தருடைய தீர்க்கதரிசியிடம் ஒரு புறஜாதி ராஜா கேள்வி கேட்டதற்காக அவன்மேல் எந்தத் தண்டனையும் வரவில்லை.

தாவீது சவுலைத் தொடவில்லையே என்று அடுத்துச் சொல்வார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் எங்கேதி குகைக்கு வெளியே வந்து, 3,000 வீரர்களோடு தன்னைத் தேடி வந்திருந்த ராஜாவைக் கூப்பிட்டு, வெட்டி எடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, உமக்கு நான் என்ன துரோகம் செய்தேன் என்று உரக்கக் கேட்டார். கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுவே நியாயம் தீர்க்கட்டும் என்றும் சொன்னார் (1 சாமுவேல் 24). கை வைக்கக் கூடாது, சரி. வாயைத் திறக்கக் கூடாது என்று அங்கே எங்கே இருக்கிறது? அப்புறம், புதிய ஏற்பாட்டில் யோவான் தன் நிருபத்தை வாசிக்கிற விசுவாசிகள் எல்லாரையும் பார்த்துத்தான் நீங்கள் அபிஷேகம் பெற்றிருக்கிறீர்கள் என்கிறார் (1 யோவான் 2:20). பாயில் உட்கார்ந்திருக்கும் அந்த விதவையும் அதில் அடக்கம்.

கோராகின் கதி வரும் என்று பயமுறுத்துகிறார்களே?

மோசேக்கு எதிராகக் கலகம் செய்து, பூமி பிளந்து விழுங்கிய கோராகு, மோசேயின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தான் (எண்ணாகமம் 16). காணிக்கை என்ன ஆனது என்று கேட்பவரையும் பதவிக்கு ஆசைப்படுபவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை. அதே 16-ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. கோபத்தில் மோசே கர்த்தரிடம் முறையிடும்போது, நான் அவர்களிடத்தில் ஒரு கழுதையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். சாமுவேல் வயதான காலத்தில் இஸ்ரவேலர் எல்லாரையும் கூட்டி, யாருடைய எருதை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், இருந்தால் சொல்லுங்கள் என்று அவரே கேட்டார் (1 சாமுவேல் 12:3). கை சுத்தமானவர்கள் கணக்கைத் தாங்களே மேசைமேல் எடுத்து வைத்தார்கள்.

"உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற எபிரெயர் 13:17-ஐ என்ன செய்வது?

கீழ்ப்படிய வேண்டும். வேதத்தைச் சொல்லிக் கண்டிக்கிற மேய்ப்பரை மதிக்காமல், எனக்கு யார் சொல்வது என்று சுற்றுவதும் தவறுதான். குடியை விடு, கடனைத் திருப்பிக் கொடு, பொண்டாட்டியை அடிக்காதே என்று பாஸ்டர் சொன்னால் கேட்டுக்கொள்வதே மரியாதை. ஆனால் அந்த வசனமே, நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணுகிறவர்கள் என்று சொல்கிறது. அவர்களுக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்பார். பேதுரு மூப்பர்களுக்கு எழுதும்போது, சுதந்தரத்தை (அதாவது கர்த்தர் ஒப்படைத்த மந்தையை) இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரிகளாக இருங்கள் என்கிறார் (1 பேதுரு 5:3). இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரசங்கிக்கிற போதகர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

காணிக்கைக் கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவா?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறவு முறிவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஜனங்கள் கொடுத்த பொன் எவ்வளவு? 29 தாலந்து, 730 சேக்கல். யாத்திராகமம் 38-ல் பொன், வெள்ளி, வெண்கலம் எல்லாவற்றுக்கும் எடை எழுதி வைத்திருக்கிறது. கணக்கு எழுதச் சொன்னவர் மோசே, எழுதியவர் ஆசாரியனின் மகன் இத்தாமார். மோசேயை யாரும் சந்தேகப்பட்டதாக அங்கே இல்லை. ஆனாலும் எழுதினார்கள்.

இரண்டு ராஜாக்கள் 12 இன்னும் நம் நிலைமைக்கு நெருக்கம். ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்களே பணம் வாங்கிக்கொள்ளட்டும் என்று யோவாஸ் ராஜா விட்டிருந்தான். அவனுடைய 23-ஆம் வருஷம் வரை ஒரு வேலையும் நடக்கவில்லை. அப்போதுதான் யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணி, பைகளில் கட்டி, வேலை செய்யும் தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் நேராகப் போய்ச் சேரும்படி கொடுத்தார்கள். நம் சபை வாசலில் இருக்கும் காணிக்கைப் பெட்டிக்கு வேதத்தில் உள்ள பழைய முன்மாதிரி இதுதான். அந்தப் பெட்டி வந்ததே ஆசாரியர் கையில் தனியாகப் பணம் தங்கக் கூடாது என்பதற்காக. பவுலும் எருசலேமுக்குத் தர்மப் பணம் கொண்டு போகும்போது, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைக் கூட அழைத்துப் போனார். கர்த்தருக்கு முன்பு மட்டும் இல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8).

நடைமுறைக்கு வருவோம். ஆராதனை முடிந்ததும் போதகர் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து எண்ணி, தாளில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வாரம் அறிவிப்போடு வாசிக்கிறார்களா? பத்து நிமிஷ வேலை இது. பழைய சபைகளில் இன்றும் நடக்கிறது. சபை சங்கமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும், பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் என்றால் டிரஸ்டிகள் யார் யார் என்று கேளுங்கள். போதகர், அவர் மனைவி, மகன், மருமகன் என்று பட்டியல் முடிந்துவிட்டால் நீங்கள் கொடுப்பது ஒரு குடும்பத்தின் கைக்குப் போகிறது. அதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

இடம் வாங்கியிருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கலாம். நகையைக் கழற்றிக் கொடுத்துக் கட்டிய ஆலயம் ஒரு தனி மனிதரின் சொந்தச் சொத்தாக இருப்பது, அவர் இறந்து பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது தெரியவந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் வருமா?

தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்காதவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்கிற மல்கியா 3-ஐக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். அதே மல்கியா முதல் இரண்டு அதிகாரங்களில் திட்டுவது ஆசாரியர்களை. குருடும் ஊனமுமான பலியைக் கொண்டுவந்தார்கள், வேதத்தைப் போதிப்பதில் பட்சபாதம் பண்ணினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பகுதியைத் தசமபாகச் செய்தியோடு சேர்த்து நான் கேட்டதே இல்லை. உபாகமம் 14-ன்படி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சேர்த்து. முழுநேர ஊழியர் பிழைப்புக்குச் சபை கொடுப்பது நியாயமே, பவுலும் அதை வலியுறுத்துகிறார். ஆனால் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்பதும் அவர் எழுதியதுதான். வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் தடுமாறும் குடும்பத்தைச் சாபம் என்று மிரட்டி வாங்குவதைக் காணிக்கை என்று என்னால் சொல்ல முடியாது.

ஒரு சபைக்கு ஒரு போதகர், அவர் சொல்வதே முடிவு என்ற முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததா?

புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் மூப்பர்கள் என்று பன்மைதான். பிலிப்பி சபைக்கு எழுதும்போதும் பவுல் கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும் என்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ், ரோமில் சாகப் போகிற வழியில் எழுதிய கடிதங்களில், பேராயர் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறார். கள்ள உபதேசமும் பிளவும் பெருகிய காலம், அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. கிட்டத்தட்ட அதே காலத்துக் கையேடான 'திதாக்கே' வேறு மாதிரி பேசுகிறது. ஊருக்கு வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. அந்தக் காலத்து விசுவாசிகளும் ஊழியக்காரர்களை அளந்து பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

நம் மண்ணில் இப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்களா?

நிறையவே. 1706-ல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கினார். முதல் தமிழ்ப் போதகர் ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733-ல், 27 வருஷம் கழித்து. அதற்குப் பிறகும் வெகுகாலம் ஊர்ச் சபைகளை அன்றாடம் நடத்தியவர்கள் குருப்பட்டம் இல்லாத உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்கள், அதிகாரம் இருந்தது வெள்ளைக்கார மிஷனெரி கையில். அந்த எரிச்சல் 1857-ல் நாசரேத் பக்கம் வெடித்தது. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் மிஷனெரியோடு முரண்பட்டு, பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். வெளிநாட்டுப் பணம் இல்லை, ஆராதனை ஞாயிற்றுக்குப் பதிலாகச் சனிக்கிழமை. அவர் வேத விளக்கம் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் எங்கள் சபையை நாங்களே நடத்துவோம் என்று அந்தக் காலத்தில் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

அதற்கு முன்பே, வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கிய அருளப்பன், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். அவருக்கு வழிகாட்டியவர் ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ், குருப்பட்டம் இல்லாமலே திருவிருந்து நடத்தலாம் என்று சொன்ன பிரதரன் இயக்கத்தின் முன்னோடி. 1860-ல் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதல் திருநெல்வேலிச் சீமையில் பரவியது. பின்னாளில் பஞ்சாபிலிருந்து வந்த பக்த் சிங் 1941-ல் சென்னையில் சபை தொடங்கினார். கடைசிவரை சகோதரர் என்றுதான் அவரை அழைத்தார்கள்.

அப்படியானால் போதகரே இல்லாத சபைதான் நல்லதா?

அதுவும் தீர்வு ஆகாது. 1820-களின் கடைசியில் தொடங்கிய பிரதரன் இயக்கமே 1848-ல் இரண்டாக உடைந்தது. குருப்பட்டம் பெற்ற குருக்கள் தனியாக வேண்டாம் என்று சொன்ன ஜான் டார்பி, பிரிஸ்டலில் இருந்த ஒரு சபையையே ஐக்கியத்திலிருந்து தள்ளிவைக்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்தார். பட்டம் இல்லாவிட்டாலும் ஆதிக்கம் வரும். முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்புவை மூன்றாம் யோவானில் பாருங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற பெரிய சபைகளில் வேறு விதமான சங்கடம். ஓட்டு இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, சொத்து ஒரு தனி மனிதர் பெயரில் இல்லை. ஆனால் பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் அணிகளாகப் பிரிந்து, வழக்கு உயர்நீதிமன்றம் போய், ஓய்வுபெற்ற நீதிபதி நிர்வாகியாக வந்த இடங்களும் உண்டு. எந்த அமைப்பாக இருந்தாலும், சாதாரண விசுவாசி பயப்படாமல் எழுந்து கேட்க முடிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கல்யாணம், வேலை, வீடு எல்லாவற்றுக்கும் பாஸ்டர் சம்மதம் வேண்டும் என்கிறார்களே?

ஜெபிக்கச் சொல்லலாம், ஆலோசனை கேட்கலாம். அனுமதி வாங்க வேண்டும் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். 1970-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஐந்து பிரபல போதகர்கள் இதையே ஓர் இயக்கமாக நடத்தினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு மேய்ப்பர், யாரைக் கட்டுவது, எங்கே வேலை செய்வது என்பது வரை அவரிடம் கேட்க வேண்டும். குடும்பங்கள் சிதைந்தன. 1980-களில் இயக்கம் கலைந்தது. ஐவரில் டெரெக் பிரின்ஸ் முன்பே விலகிவிட்டார், பாப் மம்ஃபோர்ட் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தமிழ்நாட்டில் அதே போதனை வேறு பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊழியக்காரர் பெரிய தவறு செய்தால் வெளியே சொல்லலாமா? கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படாதா?

மூடி மறைப்பதால்தான் அதிகம் தூஷிக்கப்படுகிறது. 1946-ல் சென்னையில் பிறந்து உலகம் முழுக்கப் பெயர் பெற்ற கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சகரியாஸ்மேல் 2017-ல் ஒரு பெண் புகார் சொன்னார். அவருடைய ஊழிய நிறுவனம் அவர் பக்கமே நின்றது. 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பிப்ரவரியில், அந்த நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் குழு, அவர் பல பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை உறுதி செய்து அறிக்கை கொடுத்தது. முதல் பெண்ணின் குரலை அன்றே காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

மூப்பன்மேல் இரண்டு மூன்று சாட்சி இருந்தால் ஏற்றுக்கொள், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று பவுல் எழுதியிருக்கிறார் (1 தீமோத்தேயு 5). குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் சபைக்குள் பேசி முடிக்கிற பேச்சுக்கே இடம் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ன்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பாஸ்டரம்மா அழுதார், மூப்பர்கள் ஜெபித்தார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது? சண்டையாகிவிடுமே.

முதலில் தனியாக, ஒரே விஷயத்தைப் பற்றி. "ஐயா, கட்டட நிதியில் இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு செலவு?" என்பது போல. பதில் வராவிட்டால் இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் தொடங்க வேண்டாம், அங்கே கேள்வி தொலைந்து ஆள் மட்டும் மிஞ்சுவார். நல்ல போதகராக இருந்தால் முதல் தடவையே உட்கார வைத்துச் சொல்லிவிடுவார். சிறு ஊர்களில் சைக்கிளில் சுற்றி, அரைச் சம்பளத்தில் ஊழியம் செய்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைத்திருக்கும் போதகர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தேகத்தோடு துளைக்காதீர்கள்.

சபையை விட்டு விலகினால் எபிரெயர் 10:25-ஐ மீறுவது ஆகுமா?

சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்பது அந்த வசனம். ஒருவருக்கொருவர் புத்திசொல்ல வேண்டும் என்பதும் அதே வசனம். ஒரு கட்டடத்தை விட்டு வேறு விசுவாசிகளோடு கூடினால் அதை மீறியதாக ஆகாது. ஆனால் காயப்பட்டு விலகியவர்கள் யூடியூப் பிரசங்கத்தோடு வீட்டிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும், புரிகிறது. அதற்குப் பிறகு இரண்டு குடும்பமாவது சேர்ந்து ஜெபிக்கப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சாப்பாடு கொண்டு வர யூடியூபில் ஆள் இல்லை.

விலகிவிட்டால் பிள்ளைகள் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் என்ன செய்வது?

பலரைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பயம்தான். கல்யாணத்துக்கு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ன்படி உரிமம் பெற்ற வேறு சபைப் போதகரும் நடத்தி வைக்கலாம். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன்படி சார்பதிவாளர் முன் பதிவு செய்து, ஜெபத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அடக்கம் கஷ்டமான விஷயம், கல்லறைத் தோட்டம் சபைக்குச் சொந்தம் என்றால் அங்கத்தினர் அல்லாதவருக்கு இடம் தர மறுக்கலாம். உங்கள் ஊரில் பொது இடுகாடு எது, அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். அப்புறம், பேச்சு முறிவதற்கு முன்பே ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நகல்களைச் சபை அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.